தவசிமுத்து தன்னையே காணிக்கை போட்ட கதை

நல்லபுத்திபுரம் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஊர் தேவாலயத்துக் கூரை ஒழுகியது. புது ஓடுகள் வாசலில் வந்து குவிந்து கிடந்தன. ஏறி மாற்றத்தான் ஒருவரும் வரவில்லை. பாதிரியாரை அங்கே ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானாபரணம் ஐயர் விளைந்ததில் காணிக்கை கொடுக்கும் அறுப்புப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, ஒழுகாத ஒரு மூலையில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தார்.

“பூசணிக்காயும் சேவலும் கொண்டுவந்தால் போதாது பிள்ளைகளே! இந்த வருஷம் உங்களையே கொடுங்கள்!”

இதைக் கேட்டு அழுதவன் தவசிமுத்து ஒருவன்தான். அவன் தோட்டத்தில் அந்த வருஷம் ஒரு கத்தரிக்காய்கூடக் காய்க்கவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வாரக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்தான். ‘அட, நான் இருக்கேனே!’ என்று இப்போதுதான் தோன்றியது.

பண்டிகை அன்று விடியவே எண்ணெய் தேய்த்துக் குளித்து, வேட்டி சட்டையெல்லாம் துவைத்து உடுத்திக்கொண்டு போய், கோயில் முற்றத்தில் போட்டிருந்த காணிக்கை மேசையில் வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவது வழக்கம். ஏலம் போடும் மாசில்லாமணி மேசைக்கு வந்து பார்த்துத் திகைத்தார்.

“என்னவே இது?”

“காணிக்கை அண்ணாச்சி.”

மாசில்லாமணிக்கு வேறு சந்தேகம். கமிட்டியாரைக் கூப்பிட்டார். “உயிருள்ள சரக்கை வேப்பமரத்துல கட்டணும், உயிரில்லாததை மேசையில வைக்கணும். இது எதுல சேத்தி?”

கமிட்டியார் சுற்றி நின்று யோசித்தார்கள். ஒருவர் தவசிமுத்துவின் மூக்கில் கைவைத்துப் பார்த்தார்.

“காத்து வருது.”

“காத்து பந்துலயும்தான் வரும்வே. அவன்கிட்டயே கேளும்.”

“தவசி, உனக்கு உயிர் இருக்கா?”

தவசிமுத்து பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். நன்றாக யோசித்து, “காலையில இருந்துச்சு” என்றான்.

அப்படியானால் மரம்தான் என்று முடிவாயிற்று. வேப்பமரத்தில் ஒரு கிடாவுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். கிடா அவன் சட்டையின் இடது கையைத் தின்றது. காணிக்கை காணிக்கையைத் தின்றால் அது யார் கணக்கு என்று கேட்க நினைத்தான். ஆனால் சரக்கு வாய் திறக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டான். பெருமையில் நெஞ்சு விம்மியது.

மாசில்லாமணி சுத்தியலைத் தூக்கினார். “நல்ல சரக்கு! பல்லெல்லாம் பத்திரமா இருக்கு! எங்க போட்டாலும் தூங்கும்! யார் கேக்குறது?”

“ரெண்டு தேங்காய்!” என்று ஒரு விதவை அம்மாள் கையைத் தூக்கினாள்.

தவசிமுத்துவின் மனைவி அன்னபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஏட்டி, அவரு என் புருஷன்!”

“அது நேத்துவரைக்கும். இப்போ கோயில் சாமான்” என்றார் மாசில்லாமணி.

“அப்போ என்னையும் அவரோட சேத்துக் கட்டுங்க. ஜோடியாத்தான் விலை போகணும்!” என்று அன்னபுஷ்பம் மரத்தடிக்கு ஓடினாள். தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு வேகமாக வரவில்லை.

இதைப் பார்த்த சபைக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவர்கள் ஆளுக்கு ஒரு சேவலோடு வந்திருந்தார்கள். “என்னையும் கட்டுங்க!” “எங்க வீட்டாளுங்க எல்லாரையும்!” மரத்தில் இடம் போதாமல் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு தேங்காய் கேட்ட அம்மாளும் கயிற்றுக்குள் நுழைந்துவிட்டாள்.

“ஒரு தரம்! ரெண்டு தரம்! யாராச்சும் கேளுங்களேன்வே!” என்று கத்தினார் மாசில்லாமணி.

“நாங்க எப்படிக் கேக்கது? நாங்கல்லாம் சரக்கு!” என்றது கூட்டம்.

மாசில்லாமணி தனியாய் நின்று யோசித்தார். பிறகு அவரும் கயிற்றுக்குள் போனார். சுத்தியல் பிடித்த கையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்.

உள்ளே அங்கி கழற்றிக்கொண்டிருந்த ஐயர், பசிக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கடித்தபடி வெளியே வந்தார். ஆடுகள் கோயிலுக்குள் உலாத்திக்கொண்டிருந்தன. சபை மரத்தில் கட்டிக் கிடந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஐயர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “உங்களையெல்லாம் எவன் வாங்குவான்? இந்தப் பாதி வாழைப்பழத்துக்குக்கூட...”

“பாதி வாழைப்பழம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” சுத்தியல் வேப்பமரத்தில் ஓங்கி விழுந்தது. “ஐயருக்கே!”

ஐயர் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார். கூரையைப் பார்த்தார். ஓட்டுக் குவியலைப் பார்த்தார்.

“அப்போ நீங்க எல்லாரும் எனக்குச் சொந்தம். சொன்னதைக் கேப்பீங்க?”

“சரக்கு என்னைக்கு எதுத்துப் பேசியிருக்கு ஐயா?”

“அப்போ ஏறுங்க கூரைக்கு!”

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஏறினார்கள். பழைய ஓட்டை இறக்க ஒரு கூட்டம், புதுசை ஏற்ற ஒரு கூட்டம். வெறுங்கையோடு வந்த தவசிமுத்து, ஒற்றைக் கைச் சட்டையோடு உச்சியில் நின்று கடைசி ஓட்டைப் பதித்தான். அவன் இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ஐயர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மழை விட்டதும், “சந்தோஷம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார் ஐயர்.

ஒருவரும் அசையவில்லை.

“ஏலத்துல எடுத்த சாமானை எடுத்தவங்கதான் கொண்டு போகணும் ஐயா. அதுதானே முறை?” என்றார் மாசில்லாமணி.

ஐயர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் தன் சைக்கிளை எடுத்தார். பின்னால் ஒருவரை ஏற்றி, தெருக்கோடியில் இருந்த தன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். அடுத்து இன்னொருவர். தவசிமுத்து மூன்றாவதாகப் போனான். ராஜா மாதிரி இருந்தது. இறங்கியதும், அன்னபுஷ்பம் சைக்கிளில் வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே என்று தோட்டத்துக் குறுக்குவழியாகக் கோயிலுக்கே ஓடிவந்து, வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான். அவனுக்கு முன்னால், முதலில் இறங்கிய இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

பொழுது சாயும்போது ஐயர் சைக்கிளை நிறுத்தி, மூச்சு வாங்க, “மாசில்லாமணி... இன்னும்... எத்தனை பேர்?” என்று கேட்டார்.

மாசில்லாமணி வரிசையை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கொண்டுபோகக் கொண்டுபோகக் குறையவே இல்லை ஐயா. ஸ்தோத்திரம்! நம்ம சபை வளருது!”