பல்லக்கை இறக்கிய பிறகு வாங்கிய மூச்சு

முன்னொரு காலத்தில் தேன்வரை நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்ட நேரத்தைவிடப் பல்லக்கில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். மலைமேல் இருந்த வசந்த மண்டபத்துக்கு முந்நூறு படி. அத்தனை படியையும் பல்லக்கு ஓட்டமாகவே ஏற வேண்டும். மெதுவாகப் போனால் ராஜாவுக்குத் தூக்கம் வந்துவிடுமாம்!

பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் சடையன். "இவன் தோளைவிடச் சுகமான சிம்மாசனம் எனக்கில்லை" என்று ராஜா ஒருநாள் வாய் தவறிப் புகழ்ந்துவிட்டார். அதைக் கேட்ட, அரசவை மரியாதைகளைக் கவனிக்கும் ஆசாரத் தலைவர் அனந்தகூத்தருக்கு வயிறு எரிந்தது. ராஜாவின் பட்டங்கள் முப்பத்திரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நாக்கு அவருடையது. அந்த நாக்கை விட்டுவிட்டு ஒரு தோளைப் புகழ்வதா?

மறுநாள் மண்டபத்தில் பல்லக்கை இறக்கியதும் தூக்கிகள் எட்டுப் பேரும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்கள். ராஜா தாம்பூலம் மென்று முடித்தும் அது அடங்கவில்லை.

"கவனித்தீர்களா மகாராஜா?" என்றார் அனந்தகூத்தர். "பாரம் தோளில் இருக்கும்போது வாங்கினால் நியாயம். இறக்கி வைத்த பிறகு எதற்கு மூச்சு? எல்லாம் நடிப்பு!"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "என் முன்னாலேயே நாடகமா? எட்டுப் பேரும் சூரியன் சாய்வதற்குள் நாட்டை விட்டே போகட்டும்!"

எட்டு வீட்டுச் சோறும் இந்தத் தோள்களை நம்பித்தான் இருந்தது. சடையனுக்கு அழவும் பயமாயிருந்தது, அழுதால் அதையும் நடிப்பு என்பார்களே!

"போயிடுறோம் சாமி" என்று கும்பிட்டான். "நடிக்காம மலையேறுறது எப்படின்னு மட்டும் ஐயா ஒருதரம் காட்டட்டும். பாரம்கூட வேணாம். அடிவாரத்துலேர்ந்து ஓடிவந்து, இங்க நின்னு சாமியோட பட்டமெல்லாம் சொல்லட்டும். அந்த நாக்கு வேற யாருக்கு இருக்கு?"

புகழ்ச்சி காதில் விழுந்ததும் அனந்தகூத்தர் யோசிக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஐம்பது படி ஜோராக ஓடினார். நூறில் வாய் திறந்தது. இருநூறில் தொடை எரிந்தது. ராஜா மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் நிற்கவும் வழியில்லை. ஒருவழியாக மேலே வந்து தூணைக் கட்டிக்கொண்டார்.

"ம், சொல்லும்!" என்றார் ராஜா.

"மண்ட... ஹா... லாதி... அம்மா... ஹா..."

"அம்மாவா? அந்தப் பட்டம் எனக்கு யார் கொடுத்தது?"

வெகு நேரமாகியும் அவருக்கு மூச்சு அடங்கவில்லை. "ஓட்டம்தான் முடிந்துவிட்டதே! யாருக்காக நடிக்கிறீர்?" என்றார் ராஜா.

"நடிப்பில்லை மகாராஜா... தொடை... எரிகிறது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் சடையனிடம் திரும்பினார். "இது ஏனடா இப்படி?"

"வேகமா ஓடுறப்ப, வாங்குற காத்து காலுக்குப் பத்தல சாமி. அதுக்காகக் கால் நிக்கலாமா? காத்து இல்லாமலே, தின்ன சோத்துலேர்ந்து அரைகுறையா பலத்தை எடுத்துக்குது. அப்ப மூடி வெச்ச மாவு மாதிரி உள்ளே புளிச்சுப்போகுது, அதான் எரியுது. நின்ன பிறகு வாங்குற மூச்சு, அந்தப் புளிப்பைப் போக்கத்தான்."

சடையன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆக்சிஜன் போதாதபோது தசையின் செல்கள் சர்க்கரையைப் பாதி வழியிலேயே உடைத்து, கொஞ்சம் சக்தியை அவசரமாக எடுத்துக்கொள்ளும். லாக்டிக் அமிலம் மிஞ்சும். இதைக் 'காற்றில்லா சுவாசம்' என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். சடையனுக்குப் பேர் தெரியாது. அவன் தொடைக்கு விஷயம் தெரியும்.

ராஜா தண்டனையை ரத்து செய்து, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு காணி நிலம் கொடுத்தார். "அனந்தகூத்தரே, இனி தினமும் இவர்களில் கடைசி ஆளின் மூச்சு அடங்கும்வரை நீர் விசிற வேண்டும்!"

மறுநாள் கூத்தர் விசிறியோடு நின்றார். ஏழு பேருக்கு மூச்சு அடங்கிவிட்டது. சடையனுக்கு மட்டும் அடங்குவதாயில்லை. கூத்தருக்குக் கை கடுத்துப்போயிற்று.

"இவன் இப்போது நிஜமாகவே நடிக்கிறான் மகாராஜா!" என்று அலறினார்.

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்றார் ராஜா. "நீர் விசிறும்."