அடியில் விட்டது

துறைமுகத்தை ஒட்டித் தயாபரி அம்மாவின் மடம். அம்மாவைவிட வயதில் மூத்த பொன்னுரங்கம் அவருக்குச் சீடர். வாயுவைக் குளிரவைத்துத் தண்ணீர்போல ஆக்கிக் கப்பலில் கொண்டுவருகிறார்களே, அதை இறக்கிவைக்கும் பெரிய தொட்டிக்கு அவர்தான் பொறுப்பு.

ஒரு மத்தியானம் முகம் வாடி வந்தார்.

"கடல்வழியில சண்டையாம், அம்மா. கப்பல் எப்ப வரும்னே தெரியல. தொட்டியில அடியில விட்டது மட்டுந்தான் கிடக்கு."

"அதை எதுக்கு விடுறது?"

"தொட்டி சூடேறக் கூடாது. அதையும் எடுத்துட்டா, கப்பல் வந்து நின்னாலும் உடனே இறக்க முடியாது. மறுபடி மெல்ல மெல்லக் குளிரவைக்கணும். நாள் கணக்கா இழுக்கும்."

"யாரு எடுக்கச் சொல்றது?"

"உர ஆலைக்காரங்க. இந்த வாயுவை வெச்சுத்தான் உரம் செய்யறாங்க. நடவு நேரம். உரமில்லாம சனம் தவிக்குது. பொழுது சாயறதுக்குள்ள பதில் சொல்லணும். இருக்கிறதைப் பூட்டி வெச்சுக்கறது பாவமில்லையா?"

அம்மா வாசலைக் காட்டினார். மோருக்கு வரிசை நின்றது. "முதல்ல அவங்களைக் கவனிங்க."

பொன்னுரங்கம் மொண்டு மொண்டு ஊற்றினார். பானை தீர்ந்தபோது ஒரு லாரிக்காரர் மட்டும் சொம்போடு நின்றார்.

"என்ன சாமி, நான் வந்தா மட்டும் பானை கவுந்துக்குமா?"

மூலையில் கிண்ணத்தில் உறைமோர் இருந்தது. பொன்னுரங்கம் அம்மாவைப் பார்த்தார்.

"பாலுக்கு உறை ஊத்த வெச்சதும்மா."

"கேக்கிறாருல்ல. ஊத்துங்க."

ஊற்றினார். அவர் மனசும் லேசாகிவிட்டது. பதில் கிடைத்த தெம்பில் போனை எடுத்தார்.

அம்மா தடுத்தார். "இருங்க. பால் வந்திருக்கு. காய்ச்சி உறை ஊத்திட்டு அப்புறம் பேசலாம்."

காய்ச்சினார், ஆற்றினார். கிண்ணத்தைத் தேடிப் போனவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் வழிச்சுக் குடுத்தாச்சே." டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டார், "குடுத்தாங்களா?"

"குடுக்காம என்ன? மடத்துக்கே மோர்ப் பஞ்சமான்னு பல்கீஸ் அக்கா ஒரு கேலி வேற."

அம்மா அதைப் பாலில் விட்டுக் கலக்கி மூடினார். டம்ளரைக் கழுவினார்.

பொன்னுரங்கத்தின் போன் அடித்தது. உர ஆலை.

அம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க தொட்டி காஞ்சு போனா, இதை எடுத்துக்கிட்டு எந்த வீட்டுக்குப் போவீங்க?"