பெயர் சொல்லும் நாள்

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டைச் சிங்கவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. யார் கடைசியாகக் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே சட்டம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர், அரசாணைகளை ஓலையில் எழுதும் ஓலைநாயகர் கூத்தபிரான்.

அந்த நாட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதன் மதகைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர் ஏரிக்காவலர். வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பெயரைப் பறையறைந்து சொல்வார்கள். அதில் பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதி ஊரார் குடத்தில் போடவேண்டும். ஏழு வருஷமாக அந்த மூன்று பெயரும் கூத்தபிரானின் மைத்துனன் சாத்தப்பன், சித்தப்பா மகன், சம்பந்தி. ஏழு வருஷமும் ஏரிக்காவலராக வந்தவன் சாத்தப்பன்தான். தண்ணீர் ஓலைநாயகரின் வயலில் முழங்கால் அளவு நிற்கும். வாய்க்காலின் கோடியில் உள்ள கடைமடையில் மண் வெடிக்கும்.

கடைமடையில் மருதாயி என்றொருத்திக்கு இரண்டு துண்டு வயல் இருந்தது. மற்றவர்கள் தண்ணீர் வரவில்லையே என்று அழுதபோது, அவளுக்கு மட்டும் வேறொரு சந்தேகம் வந்தது. குடத்தில் ஓலை போடுகிறோம், சரி. இந்த மூன்று பெயரை யார் போடுகிறார்கள்?

தலையாரியைக் கேட்டாள். "மேலேயிருந்து வருகிறது" என்றான். கணக்கரைக் கேட்டாள். அவரும் "மேலேயிருந்து" என்றார்.

"மேலே என்றால் எவ்வளவு மேலே, ஐயா?"

"அதெல்லாம் உனக்கு எதற்கு?"

எதற்கு என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் அரண்மனைக்கே நடந்தாள்.

ராஜா அவள் முறையீட்டைக் கேட்டுச் சிரித்தான். "உங்கள் கையால் போட்ட ஓலை. உங்கள் ஏரிக்காவலர். பிறகு என்னிடம் வந்து புலம்பினால்?"

"மகராசா, ஒரு பந்தயம் வைக்கலாமா? உங்கள் லாயத்தில் நூறு குதிரை உண்டு. அதில் மூன்றை நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன். எது வேண்டுமோ, நீங்களே உங்கள் கையால் தேர்ந்தெடுங்கள். எரு சுமக்கும் என் கழுதை அதை ஜெயிக்கும்."

சபை குலுங்கிச் சிரித்தது. கூத்தபிரான் முன்னால் வந்து, "தோற்றால் வயலை எழுதிக் கொடுத்துவிடுவாயா?" என்றார்.

"கொடுக்கிறேன்" என்றாள் மருதாயி.

மறுநாள் காலையில் மூன்று குதிரைகள் வந்து நின்றன. ஒன்றுக்குக் குளம்பு வீங்கியிருந்தது. இன்னொன்று நிறைசினை. மூன்றாவது பல் கொட்டிப்போன கிழம், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. ராஜா சுற்றிச் சுற்றி வந்தான். வேறு வழியில்லாமல் கிழத்தைக் காட்டினான். கொம்பு ஊதியதும் அது நாலு எட்டு வைத்தது. வழியில் கிடந்த புல்லுக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கழுதை போய்ச் சேர்ந்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நூறு குதிரை இருக்கும்போது இந்த மூன்றையா நிறுத்துவாய்? இதில் எதை எடுத்தால்தான் என்ன?"

"அதைத்தான் மகராசா, கடைமடைக்காரர்கள் நாங்கள் ஏழு வருஷமாகக் கேட்கிறோம்."

ராஜா மெல்லத் திரும்பினான். "கூத்தபிரானே, பழைய ஏரிச் சட்டத்தைப் படியும்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். "ஏரித் தண்ணீர் பாயும் நிலமுடையவர் எவரும், பெயர் சொல்லும் நாளில் வந்து, தமக்கு வேண்டியவர் பெயரைச் சொல்லலாம். அதிகம் பேர் சொன்ன மூன்று பெயர்கள் குடவோலைக்குப் போகும்."

"அந்த நாள் எப்போது நடக்கிறது?"

"நடவு வாரத்தில், மகராசா."

"எங்கே?"

"அடியேன் வீட்டுக் கொல்லையில்."

"யார் யார் வந்தார்கள்?"

"அடியேன் வீட்டார்."

ராஜா எழுந்தான். "போதும்! இனி மூன்று பெயரையும் நானே சொல்கிறேன்!" சபை கை தட்டியது. மருதாயி மட்டும் தட்டவில்லை.

"ஏன், அம்மா? என் மேல் நம்பிக்கை இல்லையா?"

"மகராசா மேல் நம்பிக்கை உண்டு. மகராசா காதுக்குப் பக்கத்தில் நாளைக்கு யார் உட்காருவார்களோ, அவர் மேல்தான் இல்லை. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு, ஏரிக்கரையில், எல்லோருக்கும் தெரியச் சொல்லி நடத்தினால் போதும்."

ராஜா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

மருதாயி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "நாம் சொன்னால் கேட்பார்களா?" என்று சலித்துக்கொண்டவர்களே அதிகம். "சொல்லாததை எவன் கேட்பான்?" என்றாள் அவள்.

அறுவடை முடிந்தது. ஏரிக்கரையில் ராஜாவே வந்து உட்கார்ந்தான். கூத்தபிரான் நாற்பது பேரோடு வந்திருந்தார். கடைமடையிலிருந்து இருநூறு பேர் வந்தார்கள். மதகடியில் முங்கி அடைப்பை நீக்கும் இருளாண்டியின் பெயரை அவர்கள் சொன்னார்கள். அந்த நாற்பது பேரில் பாதிப்பேர் சாத்தப்பன் பெயரையும் மீதிப்பேர் சம்பந்தியின் பெயரையும் சொன்னார்கள்.

ராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. "சாத்தப்பா, நீயே சொல். இந்த வேலையில் உனக்கு விருப்பமா?"

சாத்தப்பன் கூத்தபிரானைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான், காலில் விழுந்தான். "மகராசா, எனக்குத் தண்ணீரென்றாலே பயம். இதற்குமுன் ஒருநாளும் ஏரிக்கரை ஏறியதில்லை. அத்தான்தான் பெயரைச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட யாரும் கேட்கவில்லை!"

கரையே சிரிப்பில் அதிர்ந்தது. குடவோலையில் இருளாண்டி ஜெயித்தான். மருதாயிக்கு ராஜா பொற்சரிகைச் சேலை கொடுத்து, ஏரிக்கரைக் கூட்டத்தில் முதல் இருக்கையும் கொடுத்தான். கூத்தபிரானுக்கும் ஒரு வேலை கொடுத்தான். வருஷாவருஷம் பெயர் சொல்லும் நாளை அவரே தெருத்தெருவாகப் பறையடித்து அறிவிக்கவேண்டும்.

அடுத்த வருஷம் ஓலைநாயகர் வியர்க்க விறுவிறுக்கக் கடைமடைத் தெருவுக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே அறிவிப்பை முணுமுணுத்தார். மருதாயி வாசலுக்கு வந்தாள்.

"என்றைக்கு, எங்கே என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், ஐயா. கடைசி வீட்டுக்குக் கேட்கவில்லையாம்!"