வீம்பனும் அத்திப் பூவும்

ஒரு காட்டில் அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. மாவும் நாவலும் காய்க்கவில்லை. ஓடைக்கரை அத்தி மரத்தில் மட்டும் அடிமரம் முதல் கிளை வரை பிஞ்சுகள் அப்பிக் கிடந்தன. அவை பழுத்தால்தான் குரங்குக் கூட்டம் பிழைக்கும்.

கூட்டத்தின் தலைவன் வீம்பன் என்ற கடுவன் குரங்கு. பெயருக்கு ஏற்ற குணம். எள்ளைவிடச் சிறிய குளவி ஒன்று பிஞ்சைத் துளைப்பதை ஒருநாள் அவன் பார்த்துவிட்டான்.

"திருட்டுப் பூச்சியே! எங்கள் சாப்பாட்டிலா கை வைக்கிறாய்?"

"திருட வரவில்லை ஐயா. பூவைத் தேடி வந்தேன்" என்றது குளவி.

வீம்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். "நான் பிறந்ததே இந்த மரத்தில்தான். ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லை. பொய்யையாவது பொருத்தமாகச் சொல்லக் கூடாதா?"

குரங்குகள் தழைகளை ஒடித்து விசிறிக் குளவிகளை விரட்டின. ஒன்றுகூட நெருங்க முடியவில்லை. காவல் என்றால் அப்படி ஒரு காவல்!

பத்தே நாளில் பிஞ்சுகள் சுருங்கிப் பொலபொலவென்று உதிர்ந்தன. குட்டிகள் பசியில் அழுதன. கூட்டம் இலையைத் தின்று நாளை ஓட்டியது.

கோபத்தில் வீம்பன் ஒரு பிஞ்சைப் பிளந்தான். பிளந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே முழுக்கப் பூ! நூல்நுனி போன்ற பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வாடிக் கிடந்தன.

"இவ்வளவு பூவா! இத்தனையையும் வாட விட்டவன் நானா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சில வாரங்களில் மரம் மறுபடி பிஞ்சு விட்டது. உடம்பெல்லாம் மகரந்தத்தோடு ஒரு குளவியும் வந்தது. இந்த முறை வீம்பன் மூச்சுக்கூட விடாமல் பார்த்தான். பிஞ்சின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வாசல். குளவி நுழைய நுழைய அதன் சிறகுகள் பிய்ந்து வெளியே விழுந்தன.

"ஐயோ, சிறகு போய்விட்டதே! எப்படித் திரும்பி வருவாய்?"

"நான் வரமாட்டேன் ஐயா" என்றது குளவி உள்ளிருந்து. "இந்தப் பூக்களுக்கு மகரந்தம் வேண்டும். என் முட்டைகளுக்கு இந்தப் பூக்கள் வேண்டும். என் பிள்ளைகள் சிறகோடு வெளியே வருவார்கள். அவர்களை விரட்டாதீர்கள்."

ஒரு மாதம் சென்றது. பிள்ளைக் குளவிகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. காய்கள் சிவந்து கனிந்தன. ஒவ்வொன்றிலும் மணல்போல விதைகள். குட்டிகள் வயிறாரத் தின்றன. வீம்பன் மட்டும் தன் பங்குப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய்த் திரும்பாத தாய்க் குளவியை நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நீதி: கண்ணில் படவில்லை என்பதற்காக ஒன்றை இல்லையென்று சொல்லிவிடாதே.