கற்பூரம் அணையும் வரை

முனைக்கரையில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள் பவளராணி. பெண்கள் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. நாடாளுமன்றத் தேர்தல் வந்ததும் நாலாம் இலக்க வேட்பாளர், சட்டத்தரணி குலவீரசிங்கம், அவள் வாசலில் வந்து இறங்கினார்.

வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போட்டபின், அந்தக் கட்சியிலேயே மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அவருக்கோ தன் கட்சியின் மற்ற வேட்பாளர்களைக் கண்ணில் காட்டக்கூடாது.

“நாலுக்கு மட்டும்தான் போடவேணும். ஊர் முழுக்கக் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். இல்லாட்டி நீங்கள் கேக்கிற படகு இறங்குதுறையை மறந்திடுங்கோ.”

“கட்சிக் கூட்டத்தில வைச்சே பண்ணுவம், ஐயா” என்றாள்.

மறுநாள் அதே கட்சியின் இரண்டாம் இலக்கமும், அடுத்த நாள் ஒன்பதாம் இலக்கமும் வந்து அதையே கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

கூட்டத்தன்று, ‘நாம் ஒரே அணி’ என்ற பதாகையின் கீழே மூவரும் தோள் உரச இருந்தார்கள். பவளராணி கற்பூரத் தட்டோடு மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“மூண்டு ஐயாமாரும் தனித்தனியா வந்து, தனக்கு மட்டும் போடச் சத்தியம் கேட்டவை. ஊர் வந்திருக்கு. ஆருக்கு அடிக்கிறது?”

மூவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். குலவீரசிங்கம் அவசரமாகச் சிரித்தார். “மூண்டு பேருக்கும் போடுங்கோ! நாங்கள் ஒண்டுதானே!”

“நல்லது, ஐயா. அப்ப இறங்குதுறை கட்டித்தருவம் எண்டு முதல்ல நீங்கள் மூண்டு பேரும் அடியுங்கோ.”

கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினாள். அது எரிந்து அணையும் வரை ஒரு கையும் நீளவில்லை.

“சரி. நாங்களும் சத்தியம் இல்லாமலே போடுறம்” என்று பவளராணி தட்டோடு இறங்கினாள்.