கால் பாவிய படம்

கனவுப் படம் செய்கிறவள் செண்பகவல்லி. கண்ட கண்ட போட்டோக்களை வெட்டி, கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டி, எங்குமே இல்லாத காட்சியை உண்டாக்குவாள். அவள் படத்தில் பனைமர உச்சியில் ரயில் நிற்கும். கிணற்றுக்குள் கல்யாணம் நடக்கும்.

அவளிடம் வித்தை கற்க வந்தவர் தங்கப்பழம். அவளைவிட மூத்தவர். ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்தே முடி நரைத்தவர். இருந்தாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் பிரகாசி வந்தாள். கடலுக்குப் போன அவள் புருஷன் சூசை திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

"கனாவுல வந்தாரு. எங்க அடுப்படி பூரா கடல் தண்ணி. அதுக்குள்ள நின்னுக்கிட்டு, சோறு போடுங்காரு. முழிச்சா முகம் கலைஞ்சு போகுது. அத அப்படியே செஞ்சு தாங்க."

அவள் கொடுத்த போட்டோவில் சூசை இடுப்பு வரைதான் இருந்தார்.

"நீங்க செய்ங்க அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி.

தங்கப்பழம் உயிரைக் கொடுத்துச் செய்தார். அடுப்படிக்குள் அலை. பானைகளுக்கு நடுவே மீன். சூசையை மட்டும் இடுப்புக்குக் கீழே வெள்ளைப் புகையாகக் கரைத்துவிட்டார். செத்தவர்களைக் குடும்பப் படத்தில் சேர்க்கும்போது ஸ்டூடியோவில் அப்படித்தான் செய்வார்கள். கை பழக்கத்தில் செய்துவிட்டது. கனவு மாதிரியே இருக்கிறது என்று அவருக்கு மனசு நிறைந்தது.

பிரகாசி படத்தை வாங்கினாள். முகத்தைத் தடவினாள். விரல் கீழே இறங்கி, புகையில் வந்து நின்றது.

"கால் எங்க அண்ணாச்சி?"

"நீ குடுத்த போட்டோவுல இல்லையேம்மா."

"கால் பாவாம நிக்கிறது பேய்தான? நீங்களும் அவரக் கொன்னுட்டீங்களா?"

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகவல்லி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "அவர் கால் எப்படி இருக்கும், சொல்லும்மா."

"விரலு அகண்டு இருக்கும். குதிகால் வெடிச்சுக் கெடக்கும்."

"அண்ணாச்சி, கேமராவ எடுத்துக்கிட்டு இவங்களோட கடற்கரைக்குப் போயிட்டு வாங்க."

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள் பிரகாசி. மிக்கேல் என்பவர் முன்னால் போய் நின்றாள். தங்கப்பழம் கேமராவைக் கீழே தாழ்த்தினார்.

"என்னய்யா இது! இம்புட்டு அழகான மூஞ்சி இருக்க, காலப் போயி படம் எடுக்க?" என்று மிக்கேல் சிரித்தார்.

"சூசைக்குண்ணே," என்றாள் பிரகாசி.

சிரிப்பு நின்றது. மிக்கேல் கைலியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கி நின்றார்.

பிரகாசி வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கப்பழம் வந்து புகையை அழித்தார். அந்தக் காலை ஒட்டினார்.

"டீச்சர், அவரு இனி வரமாட்டாருன்னு கரையில எல்லாரும் சொல்லுதாங்க. நாம அடுத்தவன் கால வச்சு அவர நிறுத்துறோம். இது அந்தப் பொண்ண ஏமாத்துறது இல்லையா?"

செண்பகவல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீருக்கு அடியில், அடுப்படித் தரையில், அந்தக் காலுக்கு நிழல் போட்டாள்.

"கடலே அவளுக்கு இன்னும் பதில் சொல்லல அண்ணாச்சி. நாம ஏன் முந்திக்கணும்?"