பள்ளக்குடியார் டெஸ்பைஸ் பண்ணின கதை

பள்ளக்குடி என்று ஓர் ஊர். பேருக்கேற்ற பள்ளம். சுற்றுவட்டாரத்து மழைத்தண்ணீர் எல்லாம் அங்கே வந்து தேங்கும். அறிவு மட்டும் எட்டிப் பார்க்காது.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு ஒரே ஒரு காளை. கமலை இழுக்கிற காளை. கிணற்றுச் சரிவில் அது கீழே நடந்தால், வடத்தின் மறுமுனையில் சால் தண்ணீரோடு மேலே வரும். ஊருக்கே தெரிந்த வித்தை இது ஒன்றுதான். அதுவும் மாட்டுக்குத்தான் சரியாகத் தெரியும்.

ஒருநாள் காளை பக்கத்து நொச்சிமேட்டில் புகுந்து வைக்கோலைத் தின்றது. பிடித்துக் கட்டிவிட்டார்கள். சடையாண்டி போய்க் கேட்டான்.

"கமலையை நீயே இழு. உனக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அதுக்குக் கொம்பு இருக்கு, அவ்வளவுதான்" என்றான் நொச்சிமேட்டுப் பொன்னையன்.

நொச்சிமேடே சிரித்தது. சடையாண்டிக்கு நெஞ்சு எரிந்தது. வயலில் கேழ்வரகு வேறு வாடிக்கொண்டிருந்தது. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு, முகாம் போட்டிருந்த துரையிடம் ஓடினான். துரைக்கு வெயில் தாங்கவில்லை. ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

"டெஸ்பைஸ்னு சொல்றார்" என்றார் மொழிபெயர்க்கும் ராயர். "அவங்களை மதிக்காதே, இகழ்ந்து தள்ளுன்னு அர்த்தம். லத்தீன்லேர்ந்து வந்த சொல். மூலத்தைப் பார்த்தா, மேலேயிருந்து கீழே பார்க்கிறது."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். படித்தவன் வாய் சும்மா இருக்குமா?

வழியில் ஏழு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மாமா, அவன் மேட்டுல இருக்கான். நாம பள்ளத்துல கிடக்கோம். எப்படிக் கீழே பார்க்கிறது?" என்றான் மொக்கையன்.

"இத்தனை வருஷமா அவனை ஒழுங்கா இகழவே இல்லைன்னு சொல்லு மாப்ளே" என்றான் சடையாண்டி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிணற்றோரம் ஒரு புளியமரம். ஊரிலேயே உயரமானது அதுதான். கமலை வடத்தையும் தூக்கிக்கொண்டு ஏழு பேரும் ஏறினார்கள். விழாமல் இருக்கக் கிளையோடு கட்டிக்கொண்டார்கள். நொச்சிமேடு கீழே தெரிந்தது. பார்த்தார்கள். நன்றாகப் பார்த்தார்கள்.

"இகழ்ச்சி போய்ச் சேர்ந்திருக்குமா அண்ணே?" என்றான் உடையான்.

"காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது. பேசாம பாரு."

வேடிக்கை பார்க்க நொச்சிமேடே திரண்டு வந்தது. சிரித்துச் சிரித்துப் பொன்னையனுக்கு விலா வலித்தது. கையில் காளையைப் பிடித்திருந்தான்.

"எங்க வைக்கோல்போரைப் பாதி காலி பண்ணிட்டுது. இந்தாங்கய்யா உங்க மாடு. உங்களுக்கு இதுதான் புத்தி சொல்லணும்." மரத்தடியில் கட்டிவிட்டுப் போனான்.

"துரை வாக்குப் பலிச்சிருச்சு" என்றான் சடையாண்டி.

இறங்கிப் போயிருக்கலாம். மனிதனாக இருந்தால் இறங்கியிருப்பான். சடையாண்டி குனிந்து காளையைப் பார்த்தான். காளை அண்ணாந்து அவனைப் பார்த்தது. அவன் முகம் சுண்டியது.

"மாப்ளே, நாம மேலே இருக்கோம். அது கீழே நிக்குது. சோறு போடுற மாட்டைப்போய் இகழ்ந்துக்கிட்டிருக்கோமே."

"இறங்கிரலாமா மாமா?"

"இறங்கினா நொச்சிமேட்டை இகழுறது நின்னுரும். மாட்டைத் திரும்பப் பிடிச்சுக்குவான்."

"அப்ப மாட்டை மேலே ஏத்திரலாம்" என்றான் உடையான். எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

தங்களைக் கட்டியிருந்த வடத்தை அவிழ்த்துப் பெரிய கிளைமேல் போட்டார்கள். உடையான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். கண்ணை மூடினால் இறங்கின கணக்கில் வராதாம். மாட்டை அவிழ்த்து, அதன் வயிற்றில் வடத்தைக் கட்டிவிட்டு மேலே வந்தான். இழுத்தார்கள். மாடு அசையவில்லை.

"கமலையை மறந்துட்டோமே. தினமும் மாடு கீழே போகும், சால் மேலே வரும். இன்னிக்கி நாம கீழே போவோம், மாடு வரட்டும்" என்றான் சடையாண்டி.

ஏழு பேரும் கண்ணை மூடி, வடத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். காளை மேலே போனது. வடத்தை அடிமரத்தில் சுற்றிக் கட்டினார்கள். காளை அகலமான ஒரு கவட்டில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டது. ரெண்டு புளியங்கொழுந்தைக் கடித்தது. அப்புறம் கீழே பார்த்தது.

ஏழு பேரும் அண்ணாந்து நின்றார்கள்.

"மாமா, அது நம்மளை டெஸ்பைஸ் பண்ணுது" என்றான் மொக்கையன்.

"பண்ணட்டும். துரை சொன்னதை அது ஒண்ணுதான் சரியாப் பண்ணுது."

கேழ்வரகு காத்திருக்குமா? மறுநாள் ஏழு பேரும் வேறொரு வடம் கட்டி, நுகத்தடியைத் தோளில் வைத்துக் கமலை இழுத்தார்கள். தண்ணீர் நன்றாகவே பாய்ந்தது. அந்த வழியாகப் பொன்னையன் வந்தான்.

"மாடு எங்கேய்யா?"

சடையாண்டி நுகத்தை இறக்காமலே தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மரக்கவட்டை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"மெதுவாப் பேசு. துரை காதுல விழும்."